சாண் உயரத்தில் ஒரு தடயம்

அத்தியாயம் – 6

வெடிக்கு அன்று காலையிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் குறட்டை விட்டு, அந்தச் சத்தத்தில் தானே திடுக்கிட்டு எழுந்தபோதும் வரவில்லை. செருப்பு வார் அறுந்து மேடம் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடந்தபோதும் வரவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் செருப்பை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பான்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் மேடம்.

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"நீ பேசாம வர்றது, ஓடிக்கிட்டிருந்த ஃபேன் திடீர்னு நின்ன மாதிரி இருக்கு. எனக்கு வேர்க்குது."

அதற்கும் அவன் சிரிக்கவில்லை.

மேடம் ஒரு காலத்தில் பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர். பூச்சி தின்ற பயிர் எது, ஆடு தின்ற பயிர் எது என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். பொய்யான நஷ்டங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். வெடி அங்கே ஒரே உதவியாளன். வாயைத் திறந்தால் ஏதாவது வெடிக்கும் என்பதால் வந்த பெயர் அது. அவனுடைய நிஜப் பெயர் அவன் அம்மாவுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

மக்காச்சோள வயலின் வரப்பில் பண்ணைக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காத்திருந்தார். சமீபத்தில்தான் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, தங்கச்சி வீட்டில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

"டாக்டர் கட்டைப் பிரிச்சுட்டு, இனிமே உலகமே பளிச்சுன்னு தெரியும்னாரு" என்றார். "வீட்டுக்கு வந்து முதல்ல பளிச்சுன்னு பாத்தது இதைத்தான். பாருங்க கண்கொள்ளாக் காட்சியை!"

வயல் முழுவதும் குப்பைக்கீரைக் களை. சோளத்தோடு போட்டி போட்டுக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு நின்றது. உச்சியில் பூங்கதிர்கள் வேறு.

"இந்தச் சனியன் நாலஞ்சு வருஷமா மருந்துக்குப் பழகிடுச்சு மேடம். ஒரே மருந்தை வருஷா வருஷம் அடிச்சது எங்க தப்புதான், ஒத்துக்கறேன். இப்போ வளர்ந்துட்டா எதுக்கும் மசியாது. ஆனா ரெண்டு இலை விட்டு, ரெண்டு விரல் உயரத்துல நிக்கும்போது அடிச்சா செத்துடும். அதுக்குத்தான் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னிக்கு, சரியா அந்தப் பருவத்துல அடிக்கச் சொல்லிட்டுப் போனேன். கூலிக்கு மருந்து அடிக்கற மருந்துக்காரனும் தலையை ஆட்டினான். அடிச்சுட்டேன்னு சொன்னான். அடிச்சிருந்தா இது எப்படி உசுரோட நிக்குது? மருந்தை வெளில வித்துட்டு, டேங்க்ல தண்ணியை ஊத்தி அடிச்சிருக்கான்."

"அதை நீங்க பாத்தீங்களா?"

"நான் கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன்! ஆனா ஊரே சொல்லுதே. டீக்கடையில போய்க் கேளுங்க. 'களையைக் குளிப்பாட்டறவர்'னுதான் அவனுக்கு இப்போ பேரு. 'தலை துவட்டி விட்டாரா'ன்னு சின்னப் பசங்ககூட கேக்குது. நெருப்பில்லாமலா புகையும்?"

வெடி குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை மும்முரமாகத் தட்டினான். செருப்பில் மண்ணே இல்லை.

அந்த ஜோக் அவனுடையது.

எப்போதோ ஒரு காலையில், அவன் அடிக்கடி வந்து டீ குடிக்கும் அந்தக் கடை வாசலில் மருந்து டிராக்டர் கடந்து போனபோது, சும்மா வாயில் வந்தது. 'மருந்தா அடிச்சாரு? களையைக் குளிப்பாட்டிட்டு வர்றாரு. தலை துவட்டி விட்டாரான்னு கேளுங்க!' கடையே குலுங்கியது. ஒருவருக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. அந்த மூக்கு இன்றைக்கும் ஞாபகம் இருந்தது அவனுக்கு. ஒரு நாளைக்கு நூறு சொல்கிறவனுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

ஆனால் ஊர் மறக்கவில்லை. இன்று மாலை விவசாயிகள் சங்கக் கூட்டம். பண்ணைக்காரர் ஆதாரத்தோடு வந்தால், மருந்துக்காரரை இனி யாரும் வயலுக்குள் விடக்கூடாது என்று முடிவெடுத்துவிடுவார்கள். அந்த ஆதாரத்தைத் தேடித் தரத்தான் மேடத்தை அழைத்திருந்தார். அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது. சாப்பாட்டில் மண் விழப்போகிறது. அந்த மண்ணில் ஒரு பிடி தன் கையிலிருந்தும் போயிருக்கிறது என்று வெடிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மேடம் வயலுக்குள் இறங்கினார். அறுந்த செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டார்.

"வெடி, இங்க வா. இந்தச் செடியோட நடுத்தண்டைப் பாரு. மேல இருந்து கீழ தடவிக்கிட்டே போ."

தடவினான். உச்சியிலிருந்து இறங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரல் தடுக்கியது. அங்கே நடுக்குருத்து கருகி, எரிந்த விளக்குத்திரி மாதிரி ஒரு கறுப்பு முனை. அதற்குக் கீழே இருந்த கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் புறப்பட்டு, கருகியதைச் சுற்றிக்கொண்டு மேலே போயிருந்தன.

"அடுத்த செடி?"

அதிலும் சாண் உயரத்தில் கறுப்பு முனை. அதற்கடுத்ததிலும்.

"தண்ணி பட்டு எந்தச் செடியாவது கருகுமா?" என்று மேடம் கேட்டார்.

வெடிக்கு மூச்சு லேசாக வந்தது. "மருந்து பட்டிருக்கு மேடம்! தண்ணி இல்ல. நிஜ மருந்து!"

"குதிக்காதே. எந்த உயரத்துல பட்டிருக்கு?"

"ஒரு சாண்."

"ரெண்டு விரல் உயரத்துல அடிக்கச் சொன்னாரு. ஒரு சாண் வளர்ந்தப்புறம் அடிபட்டிருக்கு. குருத்து கருகிடுச்சு, வேர் பொழைச்சிடுச்சு. வீட்டுல குழந்தைங்க உயரத்தை நிலைப்படில கோடு போட்டு வைப்பாங்க இல்ல? அந்த மாதிரி, அடிபட்டப்போ தான் எவ்வளவு உயரம் இருந்தோம்னு ஒவ்வொரு செடியும் தன் மேலயே கோடு போட்டு வச்சிருக்கு. மருந்து நிஜம். நாள்தான் பொய்."

லேசான மூச்சு மறுபடியும் கனத்தது. அப்படியென்றால் மருந்துக்காரர் சொன்ன நாளில் வரவே இல்லையா?

மேடம் அதற்குள் வயலின் கோடிக்குப் போயிருந்தார். வீட்டுக்கு எதிர்ப்புறம், ரோட்டை ஒட்டிய பக்கம். அங்கிருந்து கை தட்டிக் கூப்பிட்டார்.

அந்த ஓரத்தில் மட்டும், நீளவாக்கில் ஒரு பட்டை, சுத்தமாக இருந்தது. சோளம் மட்டும் கம்பீரமாக நின்றது. களை ஒன்றுகூட இல்லை. பாய் விரித்த மாதிரி ஒரே அகலம், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. மேடம் குந்தி உட்கார்ந்து சருகை விலக்கினார். மண்ணோடு மண்ணாக, காய்ந்த நூல் துண்டுகள் மாதிரி குட்டிக் குட்டிச் செடிகள் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் இரண்டு விரல் உயரம்.

"மருந்து டிராக்டர்ல ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி குழாய் விரிப்பாங்களே, அதோட அகலம் எவ்வளவு இருக்கும்?"

வெடி பட்டையைப் பார்த்தான். "இவ்வளவுதான் இருக்கும்."

"ஆக, சொன்ன நாள்ல வந்திருக்காரு. ஒரே ஒரு நடை அடிச்சிருக்காரு. திரும்பி ரெண்டாவது நடை ஆரம்பிக்கறதுக்குள்ள நின்னுடுச்சு. மீதி வயலை ரொம்ப நாள் கழிச்சு வந்து அடிச்சிருக்காரு." மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "யாரோ நிறுத்தியிருக்காங்க. யாரு?"

வரப்பில் கிடந்த செருப்பை எடுக்கப் போகும் வழியில் வெடி ஒரு கீரைக்கதிரை முறித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். கூட்டத்தில் காட்ட உதவும்.

"பூத்துதான் இருக்கு" என்றார் மேடம் அதைப் பார்த்து. "விதை கொட்ட இன்னும் கொஞ்சம் நாள் இருக்கும்னு நினைக்கறேன். கொட்டிடுச்சுன்னா அவ்வளவுதான். மருந்துக்குப் பொழைச்ச செடியோட விதை, ஒரு செடிக்கு லட்சக்கணக்குல. சுத்துவட்டார வயலெல்லாம் போயிடும்."

வீட்டுப் பக்கமாகத் திரும்பி நடந்தபோது மேடம் சட்டென்று நின்றார். சமையலறைக்கு நேர் எதிரே நாலு வரிசைச் சோளத்தில் களை இல்லை. ஆனால் இது பட்டை இல்லை, கோணல்மாணல். மண் கிளறிக் கிடந்தது. யாரோ கையால் பிடுங்கியிருந்தார்கள்.

"ஆள் வச்சுக் களையெடுக்கறீங்களா?" என்று பண்ணைக்காரரிடம் கேட்டார் மேடம்.

"இந்தக் காட்டைக் கையால எடுக்க எவன் வருவான்?"

முன்னறையில் அவர்களை உட்காரவைத்துவிட்டுப் பண்ணைக்காரர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போனார். வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, வயலைப் பார்த்த ஜன்னல் ஒன்றைத் தவிர. அதன் இடுக்கில் பழைய துணியைத் திணித்திருந்தார்கள். ஜன்னல் திட்டில் இளைப்புக்காரர்கள் வாயில் வைத்து இழுக்கும் சின்ன மருந்துக் குப்பி. நிலைப்படியில் பென்சில் கோடுகள். கடைசிக் கோடு வெடியின் இடுப்பைக்கூடத் தொடவில்லை.

மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். மேடம் தம்ளரை வாங்காமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் பச்சைக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விளிம்பு சிவந்திருந்தது. கறை மட்டும் போகவில்லை.

"குழந்தை எங்கம்மா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"இளைப்பு அவளுக்கா?"

"ஆமாங்க. தூசி, புகை, எதுவும் ஆகாது."

"விடியக்காலைல, மாமனார் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, நாலு வரிசை பிடுங்கிட்டீங்க. வயலை முடிக்கணும்னா இன்னும் எத்தனை விடியக்காலை வேணும்?"

அவள் தட்டை நீட்டியபடியே உள்ளே திரும்பிப் பார்த்தாள். வெடி எழுந்து அதை வாங்கி மேஜைமேல் வைத்தான்.

"மாமா உள்ள இருக்காரு" என்றாள் அவள் மெதுவாக.

"அதனாலதான் மெல்லப் பேசறேன். அன்னிக்குக் காத்து வீட்டுப் பக்கம் அடிச்சுது. இல்லையா?"

அவள் சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு நடை அடிச்சிட்டு அந்தக் கோடில திரும்பினாரு. திடீர்னு காத்து இந்தப் பக்கம் மாறிடுச்சு. மூடறதுக்குள்ள வாடை உள்ள வந்துடுச்சு. குழந்தைக்கு உதடு நீலமாகிடுச்சுங்க. அவங்கப்பா லாரில வெளியூரு. வீட்ல நான் ஒருத்திதான். ஓடிப்போய் டிராக்டருக்குக் குறுக்க நின்னுட்டேன். நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்கண்ணேன்னு கத்தினேன். உடனே நிறுத்திட்டாரு. குழந்தை சரியாகற வரைக்கும் வாசல்லயே நின்னாரு. 'நாளைக்குக் காத்து அடங்கினதும் வந்து முடிச்சுடறேன், பயப்படாதேம்மா'ன்னாரு. மாமாகிட்ட சொல்லிடாதீங்கண்ணேன்னு நான்தான் கேட்டேன். நேரம் தப்பினா களை சாகாதுன்னு மாமா அவ்வளவு தடவை சொல்லிட்டுப் போயிருந்தாரு..."

"மறுநாள் காத்து அடங்குச்சா?"

"இலைகூட அசையல. ஆனா அவர் வரல. அதுக்கடுத்த நாளும் வரல. பத்துப் பதினைஞ்சு நாள் கழிச்சுத்தான் வந்தாரு. ஏன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெஷின் கிடைக்கலம்மான்னு மட்டும் சொன்னாரு. இப்போ எல்லாரும் அவரைத் திருடன்ங்கறாங்க. அவர் இன்னும் என் பேரை எடுக்கல. எனக்குச் சோறே இறங்கலைங்க."

உள்ளே கதவு கிறீச்சிட்டது. அவள் சட்டென்று சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். இருவரும் குடிக்காத தண்ணீர் மேஜைமேல் இருந்தது.

"பாவம் மேடம்" என்றான் வெடி தெருவுக்கு வந்ததும். தன்னைவிடப் பெரிய குற்றவாளி ஒருத்தி கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. "கேஸ் முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது? அந்தப் பொண்ணு நிறுத்தினது ஒரு நாள். ஒரு நாள்ல ரெண்டு விரல் ஒரு சாண் ஆகுமா? மீதி நாளை யாரு திருடினாங்க?"

மருந்துக்காரருக்குச் சொந்த மெஷின் கிடையாது. முதுகில் டேங்க் தூக்கி அடிக்க இடுப்பு ஒத்துழைக்காது. ஊர்க்கோடியில் இருந்த பட்டறைக்காரரிடம் டிராக்டரோடு வாடகைக்கு எடுத்துத்தான் வேலை செய்தார். பட்டறை வாசலிலேயே அந்த வண்டி நின்றது, இறக்கைகளை மடக்கிக்கொண்டு. டேங்கின் மேல் பட்டறைப் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது.

பட்டறைக்காரர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு அவர்களைப் பார்த்தார். வெடியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, வாங்க வாங்க! புதுசா ஏதாவது சரக்கு இருக்கா?"

"வேலையா வந்திருக்கோம்" என்றான் வெடி.

மேடம் கேட்டார். பட்டறைக்காரர் அந்த முதல் நாள் நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "அன்னிக்குக் காலைல வண்டியைக் குடுத்தேன். போன சூட்டுல திரும்பக் கொண்டாந்துட்டாரு, டேங்க் நிறைய கலக்கின மருந்தோட. காத்து சரியில்ல, நாளைக்குப் போறேன்னாரு. சரின்னேன்."

"நாளைக்குக் குடுத்தீங்களா?"

"எங்க குடுக்கறது? அதுக்குள்ளதான் ஊரே சிரிப்பாச் சிரிச்சிடுச்சே! கேக்கறவன் எல்லாம், 'உங்க மெஷின்தான் குளிப்பாட்டற மெஷினா, சோப்பும் நீங்களே தருவீங்களா'ங்கறான். வண்டி மேல என் பேரு இவ்வளவு பெரிசா இருக்கு மேடம். எனக்கும் பொழப்பு ஓடணும்ல? பேச்சு அடங்கட்டும்னு நிறுத்தி வச்சேன். அடங்கவே மாட்டேங்குது. கடைசில ஒரு நாள் அவரே வந்து அந்த வாசல்ல நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. ஆணில தொங்கற சாவியையே பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு மனசு கேக்கல. எடுத்துக் குடுத்துட்டேன். முதல்ல கலக்கினது கெட்டுப்போச்சுன்னு மருந்தைக்கூடத் தன் கைக்காசுல வாங்கிட்டு வந்திருந்தாரு."

வெடியின் காது சூடேறியது. பட்டறைக்குள் இன்னும் வெல்டிங் வாடை மிச்சமிருந்தது.

"அந்தக் குளிப்பாட்டற பேச்சு எப்போ கிளம்புச்சு?" என்றார் மேடம்.

"அதே காலைலதான். வண்டி திரும்பி வந்த நேரம்."

"யாரு கிளப்பினது?"

பட்டறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து வந்து வெடியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"யாரா? இதோ நிக்கிறாரே, இவருதான்! நானும் கடையில இருந்தேன். வண்டி முக்குல திரும்புது. இவரு டீயைக் கீழ வைக்கல, 'என்ன, இப்பத்தான் போனாரு, அதுக்குள்ள முடிச்சுட்டாரா? மருந்தா அடிச்சாரு, களையைக் குளிப்பாட்டிட்டு வர்றாரு'ன்னாரு பாருங்க. எனக்கு டீ மூக்கு வழியா வந்துடுச்சு!"

அந்த மூக்கு இந்த மூக்குதான்.

மேடம் சிரிக்கவில்லை. வெடியைத் திட்டவும் இல்லை. அறுந்த செருப்பின் வாரைப் பட்டறைக்காரரிடம் நீட்டி, "இதுக்கு ஒரு கம்பி போட்டுத் தர முடியுமா?" என்றார். அவர் உள்ளே போனதும்தான் பேசினார்.

"போன வண்டி சீக்கிரம் திரும்பி வருது. வயல்ல ஏதோ நடந்திருக்கு. இதுதான் இந்தக் கேஸோட முதல் தடயம். அதைக் கண்டுபிடிக்க நான் இன்னிக்குப் பூரா வெயில்ல மண்ணைக் கிளறினேன். அந்தக் காலைலயே அதைப் பாத்தவன் ஒருத்தன் இருக்கான்."

"மேடம்..."

"கூர்மையான கண்ணு உனக்கு. அதனாலதான் உன்னை வேலைக்கு வச்சேன். கடையில அத்தனை பேர் உக்காந்திருந்தாங்க, உனக்கு மட்டும்தான் பட்டுது. பட்டதை வச்சு என்ன பண்ணின?"

வெடி யோசித்துப் பார்த்தான். சிரிப்பு ஞாபகம் இருந்தது, மூக்கு ஞாபகம் இருந்தது. எதைப் பார்த்துச் சொன்னோம் என்பது மட்டும் சுத்தமாக அழிந்து போயிருந்தது. இப்போது அந்தக் காலை முழுசாகத் திரும்பி வந்தது. டேங்க் ததும்பிக்கொண்டே வந்ததையும், ஓட்டி வந்தவர் முகம் வாடியிருந்ததையும்கூடப் பார்த்திருக்கிறான். ஏண்ணே திரும்பிட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"கூட்டத்துல நான் பேசல" என்றார் மேடம். "நீ பேசு. அந்தப் பொண்ணு பேரை மட்டும் இழுக்காதே. அது அவ சொல்ல வேண்டியது."

சங்கக் கட்டடத்தில் ஒரு நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கதவு சரியாக மூடாத ஒரு இரும்பு பீரோ. நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். கடைசி வரிசையில் மருந்துக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை.

பண்ணைக்காரர் தன் புகாரைச் சொல்லி முடித்ததும் செயலாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் வெடியைக் கை காட்டினார்.

அவன் எழுந்த உடனே நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார்.

"அன்னிக்குக் காலைல அந்த டிராக்டர் வயலுக்குப் போனதையும் பாத்தேன், உடனே திரும்பி வந்ததையும் பாத்தேன்" என்று ஆரம்பித்தான்.

"தலை துவட்டி விட்டாரா?" என்றது சுவரோரம் ஒரு குரல். கூடமே சிரித்தது.

வெடி சிரிப்பு முடியும்வரை நின்றான். இத்தனை நீளமான சிரிப்பை அவன் இதுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

"அந்த ஜோக்கை நான்தான் சொன்னேன்" என்றான். "பொய்யான ஜோக். அவர் அடிச்சது தண்ணி இல்ல."

கருகிய தண்டு ஒன்றை மேடம் கொண்டுவந்திருந்தார். அவன் அதை மேஜைமேல் வைத்து, கையைச் சாணாக விரித்து அளந்து காட்டினான். கோடியில் இருக்கிற பட்டையைச் சொன்னான். செத்துக் கிடந்த இரண்டு விரல் செடிகளைச் சொன்னான். மறுநாள் வந்து முடித்திருப்பார், மெஷின் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்றால் தன் வாயால் என்றான். நடுவில் நாக்கு இரண்டு தடவை குழறியது. மூன்றாம் வரிசையில் பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பண்ணைக்காரர் மட்டும் விடவில்லை. "எல்லாம் சரிப்பா. நல்லா அடிச்சுக்கிட்டிருந்த மனுஷன் முதல் நாள் ஏன் பாதில நிறுத்தணும்?"

"காத்து மாறிடுச்சு."

"காத்து மாறினா என்ன? ஒரு மணி நேரம் நின்னு அடிக்கலாமே? போட்டது போட்டபடி ஏன் ஓடணும்? அதை ஏன் என்கிட்ட மறைக்கணும்? சொல்லு!"

வெடி கடைசி வரிசையைப் பார்த்தான். மருந்துக்காரர் லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

"அது எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்றான் வெடி. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செய்த வேலை எல்லாம் பாழாகப் போகிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"நான்தான் மாமா நிறுத்தினேன்."

வாசலில் மருமகள் நின்றாள், குழந்தையின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. குழந்தை அவள் புடவைக்குப் பின்னால் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இவளுக்கு மூச்சு முட்டிடுச்சு. வண்டிக்குக் குறுக்க போய் நின்னேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அண்ணன்கிட்ட நான்தான் கெஞ்சினேன். கண்ணு ஆபரேஷன் ஆன நேரம், பதற வைக்க வேண்டாம்னு நினைச்சேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். அது வளர்ந்துடுச்சு மாமா."

பண்ணைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் தொடக்கூடாது என்று சொன்ன கண்ணைப் புறங்கையால் துடைத்தார். பிறகு குழந்தையைப் பார்த்து, "இங்க வாடி" என்று கையை நீட்டினார். செயலாளரிடம் திரும்பி, "புகார் வேண்டாம். கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார்.

வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மருந்துக்காரர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். வெடி பக்கத்தில் போய் நின்றான். 

"அண்ணே..."

"நல்ல ஜோக்குதான் தம்பி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "என் பொண்ணு ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து வீட்ல சொன்னா. யாரைப் பத்தினதுன்னு அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கறப்போதான் எனக்கே புரிஞ்சுது."

வெடி சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டான்.

"அவளுக்குத் தெரியுமா இப்போ?"

"தெரியும். இப்போ அதைச் சொல்றதில்ல." அவர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். "விடு. அந்த வயலைத்தான் பாக்கணும். இனிமே மருந்துக்கெல்லாம் அது சாகாது, கையாலதான் பிடுங்கணும். நாளை மறுநாள் ஆள் கேட்டிருக்கேன். வர்றதுன்னா வா."

"வர்றேன்ணே."

சொல்லிவிட்டு, காலையில் முறித்த கதிரைக் காட்டலாம் என்று சட்டைப் பைக்குள் கையை விட்டான். கூட்டத்தில் அதை எடுக்கவே மறந்திருந்தான். விரல்களில் ஏதோ நெருடியது. கையை வெளியே எடுத்து விரித்தான். உள்ளங்கை முழுக்கக் கடுகைவிடப் பொடியாக, கருகருவென்று, மினுமினுத்துக்கொண்டு விதைகள். பையின் மூலையில் இன்னும் கிடந்தன.

மருந்துக்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பூத்துதான் இருக்குன்னு நினைச்சோம்" என்றான் வெடி. "கொட்ட ஆரம்பிச்சுடுச்சு."

பின்னால் சங்க வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. யாரோ யாரிடமோ, "ஆனாலும் தலை துவட்டி விட்டாரான்னு கேட்டான் பாரு..." என்று சொல்ல, இரண்டு பேர் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். வெடி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் இருந்த விதைகள் ஒன்றுகூடச் சிந்தாமல் கைக்குட்டையில் கொட்டினான். பையின் உள்பக்கத்தை மெல்ல வெளியே திருப்பி, மூலையில் இருந்ததையும் பொறுக்கிச் சேர்த்து முடிச்சுப் போட்டான்.

"நாளை மறுநாள் வேண்டாம்ணே" என்றான். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. ரெண்டு சாக்குப்பை மட்டும் எடுத்துக்கலாம். இப்பவே போலாம்."

 மருந்துக்காரர் சைக்கிளில் ஏறி, பெடலில் காலை வைத்துக்கொண்டு, பின்னால் உட்காரும்படி தலையை ஆட்டினார்.